எங்க ஊர் மேய்க்கால் முன்னாடி காடா இருந்துச்சா? பழைய ரிஜிஸ்டரை வெச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?

கொல்லைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். ஊருக்கு மேற்கால கரட்டை ஒட்டி நாப்பது ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சலா புறம்போக்கு கிடக்குது. கல்லும் புல்லும்தான். அங்கங்க நாலு உசில், ரெண்டு வேம்பு, ஓரமா சீமைக்கருவேலம். ஊர் ஆடு மாடு முச்சூடும் அங்கதான் மேயுது.

இப்ப வெளியூர்ல இருந்து ஒரு அறக்கட்டளை வந்து, பத்தாயிரம் கன்னு நட்டுத் தரோம், மூணு வருசத்துக்குக் கம்பி வேலி போட்டுடுவோம்னு சொல்றாங்க. "ஒரு காலத்துல இதெல்லாம் அடர்ந்த காடு, வெட்டி அழிச்சுட்டீங்க, திரும்ப வளர்க்கிறோம்" என்பது அவங்க பேச்சு. ஆட்டுக்காரங்க ஒத்துக்கல. எங்க தாத்தா காலத்துலயும் இது மேய்ச்சல்தான்னு அடிச்சுச் சொல்றாங்க. கிராம சபையில கை கலப்பு வராத குறை.

நான் ரெண்டு பக்கமும் இல்லீங்க. என் கேள்வி ஒண்ணுதான். இருநூறு வருசம் முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு ஆவணத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எந்த ஆவணம், எங்க கிடைக்கும்?

---

ராயக்கோட்டை_தக்காளி

மரம் நடுறதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி? அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண்ணு இது. நெல்லி எங்க இருந்து வந்துச்சு, காட்டுல இருந்துதானே? நட்டுட்டுப் போங்க. வெயில் தாங்க முடியல.

---

பாராமகால்_பித்தன்

தக்காளி அண்ணா, நெல்லிக்கனியை வெச்சு நாப்பது ஏக்கர் தீர்ப்பு எழுதாதீங்க 😀

கொல்லைக்காரன், நம்ம மாவட்டத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தமிழ்நாட்டுல இவ்வளவு முன்னாடியே இவ்வளவு விரிவா எழுதி வெச்ச பகுதிகள் குறைவு. 1792-ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில திப்பு சுல்தான் பாராமகாலை, அதாவது இன்னைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி இருக்கிற இந்தப் பகுதியை, கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்குக் கீழே மன்றோ, கிரஹாம், மெக்லியோட். தருமபுரி டவுன்ல மன்றோ நினைவுத் தூணைப் பார்த்திருப்பீங்க, அதே மன்றோதான். பின்னாடி 1820-ல மதராஸ் கவர்னர் ஆனவர். ரயத்துவாரி முறை உருவானதே இந்த மண்ணுலதான். வயல் வயலா அளந்து, குடியானவன் பேர்லயே தீர்வை போட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நிலத்தையும் பார்த்தாகணுமே. அப்படிப் பார்த்து எழுதின காகிதங்களை 1907-ல இருந்து மதராஸ் அரசாங்கம் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று பகுதி பகுதியா அச்சுப் போட்டது. நிர்வாகம், குடிமக்கள் என்று பல பகுதி. விளைபொருளுக்கென்றே தனியா ஒண்ணு உண்டு.

ஆனா உங்க நாப்பது ஏக்கருக்கு அதுல நேரடியா பதில் கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க. வட்டார அளவுல பேசும், கிராம அளவுல அபூர்வமாதான் பேசும். அதைவிட முக்கியம், அவங்க செடி கொடி பார்க்க வரல, வரி பார்க்க வந்தாங்க. உழுத நிலம், உழக்கூடிய தரிசு, உழ முடியாதது. இந்த மூணுதான் அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது. மூணாவது பெட்டிக்குள்ள பாறை, புல்வெளி, முள்ளுப்புதர், மூங்கில் காடு எல்லாமே அடங்கிடும்.

இன்னொரு வழிப்போக்கர் பிரான்சிஸ் புக்கானன். 1800–1801-ல மைசூர், மலபார் எல்லாம் சுத்திட்டு, மதராஸ் திரும்பும்போது ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வழியா வந்தார். படிச்ச தாவரவியல்காரர், அதனால மண்ணு, பயிர், மரம் பத்தி நல்லாவே எழுதுவார். ஆனா அவர் எழுதினது பாதையில போகும்போது கண்ணுல பட்டது. பாதையோரம் எப்பவுமே மேய்ஞ்சு, வெட்டி, மொட்டையாத்தான் இருக்கும். அதை வெச்சு உள்காட்டையும் மொட்டைன்னு முடிவு கட்டினா தப்பாயிடும்.

---

கொல்லைக்காரன்

அண்ணா, அப்ப கிராம அளவுல ஒண்ணுமே இல்லையா?

---

அளவுச்சங்கிலி

இருக்கு தம்பி. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்.

இன்றைய 'அ' பதிவேட்டில், அதாவது ஊரின் ஒவ்வொரு புலமும் என்ன வகை நிலம் என்று எழுதிய பதிவேட்டில், இருந்து பின்னால் போ. அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது? மேய்க்கால் புறம்போக்கா, கல்லாங்குத்தா, தீர்வை ஏற்பட்ட தரிசா, தீர்வை ஏற்படாத தரிசா? நீ 'புறம்போக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். இந்த நாலும் நாலு கதை. தீர்வை ஏற்பட்ட தரிசு என்றால், என்றைக்கோ ஒருத்தன் பார்த்து, இது உழக்கூடிய மண் என்று தரம் போட்டிருக்கிறான். கல்லாங்குத்து என்றால் ஏர் இறங்காது என்று கைவிட்டிருக்கிறான். மேய்க்கால் என்றால் ஊர்ப் பொது மேய்ச்சலுக்கென்று ஒதுக்கியிருக்கிறான். 'அ' பதிவேடு எழுதும் காலத்திலேயே அது மேய்ச்சல் நிலம் என்று ஆகிவிட்டது.

அதற்கும் முன்னால் ரீசெட்டில்மெண்ட் பதிவேடு. அதற்கும் முன்னால் 1870-களில் நடந்த செட்டில்மெண்ட், அதாவது நிலத்தைத் தரம் பிரித்துத் தீர்வை நிர்ணயித்தது. இங்கிலீஷும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்ட டைக்ளாட் பிரதி சில ஊருக்குக் கிடைக்கும். அதற்கும் முன்னால் பைமாஷ் கணக்கு, அந்தக் காலத்து நில அளவைக் கணக்கு. பைமாஷ் எண்ணும் சர்வே எண்ணும் வேறு வேறு, ஒன்றை இன்னொன்றோடு பொருத்தும் பட்டியல் கிடைத்தால்தான் காரியம் ஆகும். குறிப்புக் கலத்தை மட்டும் விட்டுவிடாதே. "புளியமரம் 3", "பாறை", "ஓடை" என்று பொடி எழுத்தில் ஒரு மூலையில் எழுதி வைத்திருப்பார்கள். புளியமரம் ஏலம் போகும், அதனால் எண்ணி எழுதினார்கள். உசில் மரத்தை எவன் ஏலம் எடுப்பான்? அதனால் எழுதவில்லை. எழுதாததால் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

அடுத்தது அடங்கல். வருஷா வருஷம், புலம் புலமாக, என்ன பயிர் என்று கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை, எழுதியது. 1980-ல் கர்ணம், மணியக்காரர் பதவியை ஒழித்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது. பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும், 590-ஐக் கூட்டிக்கொள். பசலி 1376 என்றால் 1966 ஜூலை முதல் 1967 ஜூன் வரை. இதிலும் ஒரு சூது உண்டு. பல கர்ணங்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே போன வருஷத்தைப் பார்த்து இந்த வருஷத்தை எழுதினவர்கள். பத்து வருஷம் தொடர்ந்து ஒரே கொள்ளு, ஒரே பரப்பு என்று இருந்தால் சந்தேகப்படு. நடுவில் ஒரு வருஷம் எண்ணிக்கை கன்னாபின்னா என்று மாறியிருந்தால் அதை நம்பு. அந்த வருஷம் ஆள் நேரில் போயிருக்கிறான்.

இன்னும் ஒன்று. 1965-க்கு முன்னால் தருமபுரி என்று ஒரு மாவட்டமே கிடையாது. அக்டோபர் 2-ல்தான் சேலத்தில் இருந்து பிரிந்தது. பழைய காகிதம் எல்லாவற்றையும் 'சேலம்' என்ற பெயரில் தேடு. கிருஷ்ணகிரிக்காரர்கள் 2004 வரை தருமபுரியிலும், அதற்கு முன் சேலத்திலும் தேட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 'தருமபுரி மாவட்டம், 1880' என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஆட்களை எனக்குத் தெரியும்.

---

கொல்லைக்காரன்

ஐயா, இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், "எங்க ஊருக்குப் பழைய ரிஜிஸ்டரே கிடையாது"ன்னு சொல்றாரு. அப்படியும் இருக்குமா?

---

அளவுச்சங்கிலி

மிட்டா கிராமமாக இருந்திருக்கும். 1800-களின் தொடக்கத்தில் ரயத்துவாரியை ஓரங்கட்டிவிட்டு, கிராமங்களைச் சேர்த்து மிட்டா மிட்டாவாக ஏலம் விட்டார்கள். பல மிட்டாதாரர்கள் கட்ட முடியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அந்த ஊர்கள் அரசுக் கணக்குக்கு வந்துவிட்டன. மீதி மிட்டாக்கள் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை ஓடின. அந்த ஊர்களுக்கு முறையான செட்டில்மெண்ட் அதற்கப்புறம்தான். நடுவில் இருந்த கணக்கு மிட்டாதார் வீட்டு மச்சில் இருந்திருக்கும். இல்லையென்றால் கரையானுக்குத்தான் வெளிச்சம்.

---

தென்பெண்ணை

ஐயா சொன்னதோட வரைபடத்தையும் சேர்த்துக்கோங்க. நான் தொலையுணர்வு படிக்கிற மாணவி, ஊர் காவேரிப்பட்டணம்.

சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்ல, அதாவது நில அமைப்பு வரைபடத்துல, பென்னாகரம் 57 ஹெச் எண் தாள்ல வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி டவுன் ரெண்டும் 57 எல். பச்சை காடு, மஞ்சள் சாகுபடி, வெள்ளை ரெண்டும் இல்லாதது. உங்க நாப்பது ஏக்கர் அனேகமா வெள்ளையாத்தான் இருக்கும். ஓரத்துல எந்த வருஷம் அளந்ததுன்னு போட்டிருப்பாங்க, அச்சடிச்ச வருஷத்தோட அதைக் குழப்பிக்காதீங்க.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்சது கொரோனா. நோய் இல்லைங்க 🙂 1960-ல இருந்து 1972 வரைக்கும் அமெரிக்கா விட்ட உளவு செயற்கைக்கோள். 1995-ல ரகசியப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. கடைசி கட்டப் படங்கள்ல ரெண்டு மீட்டர் அளவு பொருள்கூடத் தெரியும், அதாவது தனி மரம், அதோட நிழல், மாட்டுத் தடம் எல்லாம். 1972-ல வந்த முதல் லேண்ட்சாட்ல ஒரு புள்ளியே சுமார் 80 மீட்டர். வித்தியாசத்தைப் பார்த்துக்கோங்க. அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்போட தளத்துல, ஏற்கெனவே ஸ்கேன் ஆன சுருள்னா இலவசமா இறக்கிக்கலாம். கறுப்பு வெள்ளைதான். படத்தோட ரெண்டு ஓரமும் வளைஞ்சு இழுத்தாப்ல இருக்கும், பாறை, ஏரிக்கரை, கோவில் மாதிரி மாறாத புள்ளிகளை வெச்சு நிமிர்த்தணும். நான் வேணா செஞ்சு தரேன் அண்ணா, புல எண்ணை மட்டும் தனிச்செய்தியில அனுப்புங்க.

---

ஆச்சா

தென்பெண்ணை, நல்ல காரியம். ஆனா படம் எடுத்த மாதத்தைப் பார்த்துட்டு அப்புறம் வாய் திறங்க.

நம்ம பக்கத்துக் காடு இலையுதிர் காடு. வெக்காலி, புரசு, ஆச்சா, கருங்காலி, கல்மூங்கில். மாசி பங்குனியில பார்த்தா எலும்புக்கூடு மாதிரி நிக்கும். அந்த மாசத்துப் படத்துல காடும் தரிசும் ஒரே வெளுப்பு. ஐப்பசியில எடுத்த படத்துல கொள்ளுக் கொல்லைகூடக் கருகருன்னு காடு மாதிரி தெரியும். பத்து வருஷ இடைவெளியில ரெண்டு படத்தை வெச்சுக்கிட்டு, ஒண்ணு மார்ச், ஒண்ணு நவம்பர், "காடு பெருகியது" என்று கட்டுரை எழுதினவங்களை நான் பார்த்திருக்கேன்.

இன்னொரு பொறி, பச்சையா இருக்கிறது என்ன பச்சை? சீமைக்கருவேலம் மதராஸ் மாகாணத்துக்கு வந்ததே 1870-கள்ல. உண்ணிச்செடி 1800-களின் தொடக்கத்துல கல்கத்தா தோட்டத்துக்கு அழகுச் செடியா வந்து, அங்க இருந்து பரவினது. ரீட் காலத்துப் பாராமகால்ல இது ரெண்டும் கிடையாது. இன்னைக்கு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டுக்குள்ள போனீங்கன்னா கால் வைக்க முடியாத அளவுக்கு உண்ணிமுள். அன்னைக்கு அதே இடத்துல மரத்துக்கு அடியில புல் இருந்திருக்கணும். 1981-ல சமூகக் காடுகள் திட்டத்துல ஏரி உள்வாயில எல்லாம் நாட்டுக் கருவேலம் நட்டாங்க. அதுக்கு முந்தின படத்துல ஏரி வெள்ளை, பிந்தின படத்துல பச்சை. செயற்கைக்கோள் அதையும் "காடு"ன்னுதான் எண்ணும்.

---

பட்டிக்காரன்

நான் அந்த ஊர் இல்ல, ஏரியூர் பக்கம். எங்கப்பா நூத்தம்பது ஆடு வெச்சிருந்தாரு. இந்த இழையைப் படிச்சுட்டு ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

எல்லாரும் "காடு காடு"ங்கறீங்க. எங்க ஊர்ல "காட்டுக்குப் போறேன்"னா என்னாங்க அர்த்தம்? கொல்லைக்குப் போறேன், களை எடுக்கப் போறேன், அதானே? சோளக்காடு, கம்பங்காடு, பருத்திக்காடு. எங்க அப்பாயி "அது முன்னாடி காடுடா" அப்படின்னா மானாவாரி நிலம்னு அர்த்தம். அந்த அறக்கட்டளைக்காரங்க ஊர்ல எந்தப் பெருசுகிட்டயோ கேட்டிருப்பாங்க, அது "காடா இருந்துச்சு சாமி"ன்னு சொல்லியிருக்கும், இவங்க புலி உலாவுன காடுன்னு எழுதிக்கிட்டாங்க.

---

பாராமகால்_பித்தன்

பட்டிக்காரன், இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழை ஓடியது தகும்.

இதே வம்பு காகிதத்துலயும் உண்டு. தமிழ்க் கணக்குல 'காடு'ன்னு இருப்பதை மொழிபெயர்த்தவன் 'ஜங்கிள்'னு போட்டிருப்பான். ஜங்கிள் என்ற சொல்லும் அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அடர்ந்த காடு மட்டும் இல்ல, உழாம விட்ட முள்ளுப்புதரும் ஜங்கிள்தான். ரெண்டு தடவை கைமாறின சொல்லை வெச்சு ஒரு நிலத்துக்கே ஜாதகம் கணிக்கிறோம்.

---

நடுகல்_வாத்தியார்

இருநூறு ஆண்டோடு ஏன் நிறுத்துகிறீர்கள்? நம் மாவட்டத்தில் நடுகல் கிடைக்காத வட்டம் உண்டா? தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பல தொறு பற்றியவை: மாட்டு மந்தையைக் கவர்ந்தவர்களோடு பொருது இறந்தவன், மந்தையை மீட்டுவிட்டு இறந்தவன். புலியைக் குத்திப் பட்டவனுக்கும் கல் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே இது மாட்டுச் செல்வத்துக்குச் சண்டை நடந்த நாடு. மாடு மேய்ந்தால் புல் இருந்திருக்க வேண்டும், புலி இருந்தால் மறைவு இருந்திருக்க வேண்டும். புல்லும் மரமும் கலந்த முல்லை நிலம் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஊர்ப் பெயர்களையும் பாருங்கள். புலிகரை. வேப்பனஹள்ளி. பெரும்பாலை.

---

ஆச்சா

வாத்தியாரய்யா, நடுகல் வரைக்கும் கூட வரேன். ஊர்ப்பேர்ல இறங்கிக்கறேன். பெரும்பாலையில வர்ற பாலை எது? பாலைத் திணையா, பாலை மரமா, வெப்பாலையா? உங்க விருப்பத்துக்கு எதை வேணா எடுத்துக்கலாம். அப்புறம் வேப்பமரம் ஊருக்கு ஊர் இருக்கு. எல்லா இடத்துலயும் இருக்கிற மரத்தின் பேரை ஒரு ஊருக்கு வெச்சா, அங்க ஒரு குறிப்பிட்ட பெரிய மரம் இருந்துச்சுன்னு அர்த்தம், வேப்பங்காடு இருந்துச்சுன்னு இல்ல.

---

நடுகல்_வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன். புலிகரையை மட்டும் விட்டுத் தர மாட்டேன்.

---

ராயக்கோட்டை_தக்காளி

எல்லாம் சரிங்க, நான் விளையாட்டுக்கு ஆரம்பிச்சது, இப்ப உண்மையாவே கேக்கறேன். வெட்டினது உண்மைதானே? ரயிலுக்கு வெட்டினான், இரும்பு உருக்க வெட்டினான். சும்மா "முன்னாடியும் புல்லுதான்"னு சொன்னா வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்கின மாதிரி ஆயிடாதா?

---

பாராமகால்_பித்தன்

நியாயமான கேள்வி அண்ணா. வெட்டினது உண்மை. 1860-களின் தொடக்கத்துல மொரப்பூர், பொம்மிடி வழியா மதராஸ் ரயில்பாதை ஓட ஆரம்பிச்சுடுச்சு. அப்ப எஞ்சினுக்கு நிலக்கரி இல்ல, விறகுதான். 1856-ல மதராஸ் மாகாணத்தின் முதல் காட்டு அதிகாரியா வந்த கிளெக்ஹார்ன் எழுதினதுல ரயில்வே விறகுக் கவலை பெரிய கவலை. அதுக்கும் முன்னாடி 1830-கள்ல பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுவை எடுத்தாங்க, உருக்க அடுப்புக்கரி. நாட்டு உலைகள் அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே கரி தின்னுக்கிட்டு இருந்துச்சு.

ஆனா எங்க வெட்டினாங்க என்பதுதான் விஷயம். விறகு கட்டை வண்டியில ஸ்டேஷனுக்கு வரணும். மொரப்பூர், அரூர் பக்கத்து மலைக்கு அது பொருந்தும். பென்னாகரத்துக் கரடுக்கு எவ்வளவு பொருந்தும்? அதைத் தனியா நிரூபிக்கணும். மாவட்டத்துக்குப் பொதுவான ஒரு சோகக் கதையை எல்லாப் புல எண்ணுக்கும் ஒட்ட முடியாது.

எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கிற விஷயம் வேற. நம்மகிட்ட இருக்கிற ஒவ்வொரு கணக்கும் ஒரு இடிக்கு அப்புறம் எழுதினது. 1792 கணக்கு எப்ப எழுதினது? ரெண்டு வருஷம் படைகள் குறுக்கும் நெடுக்கும் போய், மாட்டையும் தீவனத்தையும் வாரிக்கிட்டு, ஜனம் ஊரைவிட்டு ஓடின அப்புறம். அதுல தரிசு ஏராளமா இருக்கும். அது இயற்கைத் தரிசா, ஆள் இல்லாத தரிசா? அடுத்து 1870-கள். செட்டில்மெண்ட் மை காயறதுக்குள்ள 1876–78 தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டத்துல 1871-ல சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர், 1881-ல சுமார் 16 லட்சம். பத்து வருஷத்துல கூடியிருக்க வேண்டிய ஜனம் மூணரை லட்சத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. அவங்க உழுத கொல்லையெல்லாம் என்ன ஆச்சு? முள்ளு ஏறியிருக்கும். அடுத்த தலைமுறை பார்த்த "பழைய காடு"ல கொஞ்சமாவது செத்தவங்களோட கொல்லை. அப்புறம் தென்பெண்ணை சொன்ன 1960-கள் படம். அது 1940-கள்ல வந்த அதிக உணவு உற்பத்தி இயக்கத்துல காட்டோரம், மேய்ச்சல் எல்லாம் உழவுக்குக் கொடுத்ததுக்கு அப்புறம் எடுத்தது.

எந்த வருஷத்தை 'ஆதி' என்று வெச்சுக்கறது? அந்த அறக்கட்டளையை முதல்ல இதைக் கேளுங்க. "ஒரு காலத்துல"ன்னா எந்தக் காலம்?

---

வத்தல்மலை_வண்டி

ஒரு ஆவணத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. உங்க மேய்க்கால் ஒரு ரிசர்வ் காட்டை ஒட்டி இருக்குன்னா, அந்தக் காட்டோட கெஜட் அறிவிப்பைத் தேடுங்க. 1882 மதராஸ் வனச் சட்டத்துல 4-ஆம் பிரிவுல உத்தேச அறிவிப்பு, அப்புறம் செட்டில்மெண்ட் அதிகாரி வந்து ஊர்க்காரங்க உரிமைக் கோரிக்கையைக் கேட்பார், கடைசியில 16-ஆம் பிரிவு அறிவிப்பு. 16-ல எல்லையை அடி அடியா எழுதுவாங்க. எந்தக் கற்குவியல்ல இருந்து எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த ஊர் எல்லை வரைக்கும்னு. கோரிக்கை விசாரிச்ச காகிதம் கிடைச்சா இன்னும் அதிர்ஷ்டம். யார் மாடு எந்தத் தடத்துல போய் எந்தச் சுனையில தண்ணி குடிச்சுதுன்னு அதுல இருக்கும். எங்க மலையில வழிப் பிரச்சினை வந்தப்ப அப்படி ஒரு தாள்தான் கைகொடுத்துச்சு.

ஆலம்பாடி மாட்டையும் மறக்காதீங்க. பென்னாகரம் பக்கத்து மாடு அது. மாசக்கணக்குல காட்டுக்குள்ள பட்டி போட்டு மேய்ச்சாங்க, வனத்துறைக்கு மேய்ச்சல் கட்டணம் கட்டினாங்க. கட்டணம் இருந்தா ரசீது இருக்கும், ரசீது இருந்தா மாட்டு எண்ணிக்கை இருக்கும்.

---

பட்டிக்காரன்

பெருசுங்ககிட்ட கேக்கறப்ப "காடு இருந்துச்சா"ன்னு கேக்காதீங்க. "கூரைக்கு மஞ்சம்புல் எங்க அறுத்தீங்க? ஏருக்கும் வண்டி அச்சுக்கும் மரம் எங்க வெட்டினீங்க? விறகுக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" இப்படிக் கேளுங்க. பதில் தானா வரும்.

---

ஆச்சா

அருமை. வண்டி அச்சுக்கு வெக்காலி. எங்க வெட்டினாங்கன்னு சொல்லிட்டாங்கன்னா காட்டோட எல்லை கிடைச்சுடும்.

---

கொல்லைக்காரன்

(அஞ்சு வாரம் கழிச்சு)

மன்னிச்சுக்கோங்க, அலைஞ்சதுல எழுத நேரம் இல்ல.

முதல்ல காகிதம். ஒரு ஆபீஸ்ல "அந்தப் பழைய புத்தகம் எல்லாம் பூச்சி அரிச்சுடுச்சு"ன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. நாலாவது தடவை போனப்ப அதே புத்தகம் ஒரு மேசைக்கு முட்டுக் கொடுத்துட்டு இருந்துச்சு. 'அ' பதிவேட்டுல அந்த இடம் ஒரு புலம் இல்லீங்க, மூணு புலம். ரெண்டு மேய்க்கால், ஒண்ணு கல்லாங்குத்து. சர்வே ஐயா சொன்ன மாதிரி குறிப்புக் கலத்தைப் பார்த்தேன். "குட்டை 1, புளி 2". குட்டை இப்பவும் இருக்கு, தூர்ந்து போய். புளி ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க நின்னுச்சுன்னு எங்க பெரியப்பா கை காட்டினாரு, அங்க இப்ப மொபைல் டவர்.

அடங்கல் பசலி 1370-களுக்குக் கொஞ்சம் கிடைச்சுது. தெற்கு ஓரத்துல ரெண்டு ஏக்கர் சுமாருக்குச் சாமையும் கொள்ளும் ஆக்கிரமிப்புன்னு ஒரு வருசம் மட்டும் எழுதியிருக்கு, அடுத்த வருசம் இல்ல. ஐயா கணக்குப்படி அந்த வருசம் கர்ணம் நேர்ல போயிருக்காரு 😀

தென்பெண்ணை தங்கச்சி படத்தை நிமிர்த்திக் கொடுத்துச்சு. மனசு என்னமோ பண்ணுச்சுங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி எங்க ஊரு. குட்டையைச் சுத்தி நாலா பக்கமும் வெள்ளை வெள்ளையா கோடு வந்து சேருது, சிலந்தி வலை மாதிரி. அத்தனையும் மாட்டுத் தடம். மரம் இருக்கு, ஆனா புள்ளி புள்ளியா, எண்ணிடலாம். மேல கரட்டுல ஏற ஏற புள்ளி நெருங்குது.

பெரியப்பா, இன்னும் மூணு பெருசுங்ககிட்ட பட்டிக்காரன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். மஞ்சம்புல் அங்கதான் அறுத்தாங்களாம், வருசம் ஒரு வாட்டி, ஊர் முறை வெச்சு. அச்சுக்கு மரம் கரட்டுக்கு அந்தாண்டை, போக வர ஒரு நாள்.

ரிசர்வ் காட்டு கெஜட் இன்னும் கிடைக்கல. சேலம் பேர்ல தேடச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

---

பாராமகால்_பித்தன்

பிரமாதம்! ஆனா ஒண்ணு. இது அறுபது, எழுபது வருஷத்துக்கும், 'அ' பதிவேட்டை வெச்சுக் கொஞ்சம் முன்னாலயும் போகுது. 1792-ஐ இது நிரூபிக்கல. கிராம சபையில இருநூறு வருஷம்னு சொல்லிடாதீங்க, அவங்க பதிலுக்குப் பிடிச்சுக்குவாங்க.

---

கொல்லைக்காரன்

சொல்லலண்ணா. "எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எந்தக் கணக்குலயும் இது காடுன்னு இல்ல, உங்ககிட்ட இருந்தா காட்டுங்க"ன்னுதான் சொன்னேன். அவங்ககிட்டயும் ஒண்ணும் இல்ல. அறக்கட்டளையில இருந்து வந்த பையன் நல்லவன்தான், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. இப்போதைக்கு வேலி இல்ல. குட்டையைத் தூர் வாரி, கரையில மட்டும் நாநூறு கன்னு, மேல கல்லாங்குத்துல உசிலும் வெக்காலியும் விதை தூவுறதுன்னு பேச்சு. ஆட்டுக்காரங்கள்ல ஒரு பாதி ஒத்துக்கிட்டாங்க, ஒரு பாதி இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்காங்க. வந்து இறங்கின மீதிக் கன்னு பள்ளிக்கூடத்துச் சுவரோரமா பாக்கெட்டோட நிக்குது, பசங்க தண்ணி ஊத்துறாங்க.

---

ராயக்கோட்டை_தக்காளி

அந்த மீதிக் கன்னுல நெல்லி இருந்தா ஒரு இருபது எனக்கு. வண்டி நான் அனுப்பறேன்.

---

ஆச்சா

கொல்லைக்காரன், ஒரு வேலை பாக்கி இருக்கு. அந்தப் புல்வெளியில இப்ப என்ன புல் இருக்குன்னு யாராவது பார்த்தீங்களா? மஞ்சம்புல் இன்னும் இருக்கா? ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல் இருக்கா, இல்ல வெறும் அருகும் துத்தியும்தானா? ரிஜிஸ்டர்ல இல்லாதது தரையில இருக்கும். இப்ப காய்ஞ்சு கிடக்கும், அடையாளம் தெரியாது. புரட்டாசி மழைக்கு அப்புறம் பூ விட்டதும் கதிரோட படம் எடுத்துப் போடுங்க. பக்கத்துல ஒரு ரூபாய்க் காசை வெச்சு எடுங்க, அளவு தெரியணும்.

---

கொல்லைக்காரன்

சரிங்க. பெரியப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். அவருக்குக் கண்ணு தெரியாது, கையில தொட்டுச் சொல்லிடுவாரு.